ஓடுகிற பஸ்ஸில் ஏறியவர்கள்

வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை இருந்தால் 'எம்-3' என்ற சொல் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பையன் பெருமூச்சு விட்டால் பாதி கேஸ் காதல், மீதி கேஸ் எம்-3. காதல் கேஸில் அப்பாக்கள் கத்தியாவது பார்க்கலாம். எம்-3 கேஸில் கத்துவதற்கும் வழியில்லை. 'நீங்க வந்து போட்டுக் காட்டுங்க' என்று பையன் புத்தகத்தை நீட்டிவிடுவான்.

எம்-3 என்பது மேத்தமேட்டிக்ஸ்-3. இரண்டாவது வருடத்தின் முதல் பாதியில், அதாவது மூன்றாவது செமஸ்டரில் வருகிற கணக்குப் பேப்பர். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சிவில், மெக்கானிக்கல் போன்ற பிரிவுகளுக்கு அதன் முழுப்பெயர் 'ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்'. பெயரை மூச்சு விடாமல் சொன்னாலே ரெண்டு மார்க் தரலாம். இதில் பெரும் பங்கு ஃபூரியர் என்கிற பிரெஞ்சுக்காரருடையது. சூடு ஒரு பொருளில் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டு 1822-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இருநூறு வருடம் தாண்டியும் அந்தச் சூடு நம் பிள்ளைகள் மேல் பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு இந்த ஞானமெல்லாம் ஏது என்று கேட்பீர்கள். நான் காமர்ஸ் ஆள். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்குக் கணக்கில் ஒன்றும் தெரியாது. எல்லாம் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் உபயம்.

ஒரு நாள் துணிகளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். பாக்கி போலிருக்கிறது என்று நான் பையைத் தடவ ஆரம்பித்தேன்.

"காசு கெடக்கட்டும் சார். ஒண்ணு கேக்கணும். எம்-3ன்னா என்ன சார்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பெரியவனுக்கு அது வந்திருக்காம். ரெண்டு நாளா சரியா சாப்பிட மாட்டேங்கறான். எந்த டாக்டர்கிட்ட காட்டணும்னு அவங்கம்மா கேக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அந்தப் பையன். அவனுக்கு பி.ஈ. சீட் கிடைத்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்தவர் இவர். டாக்டர் தேவையில்லை, பையனை அனுப்பி வையுங்கள் என்றேன்.

* * *

பையன் வந்தான். நல்ல பையன். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, மூன்று வருடம். 92 சதவீதம். அந்த மார்க்கில்தான் பி.ஈ. இரண்டாவது வருடத்தில் நேரடியாகச் சேர்ந்திருந்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு 'லேட்டரல் என்ட்ரி' என்று பெயர். டிப்ளமோ முடித்தவர்கள் பி.ஈ.யின் முதல் வருடத்தைப் படிக்க வேண்டாம், மூன்றாவது செமஸ்டரிலிருந்து தொடங்கலாம். ஒரு காலத்தில் இந்தக் கவுன்சலிங்குக்குக் காரைக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். அங்குள்ள அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிதான் பல வருடங்கள் இதை நடத்தியது. இப்போது வீட்டிலிருந்தே ஆன்லைனில் பதியலாம். பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கும் இதில் வழி உண்டு. ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் வருடத்தில் சேரலாம், அங்கிருந்து பி.ஈ. இரண்டாம் வருடம். ஏணியின் மேல் ஏணி வைத்தாற்போல ஒரு வழி.

அந்தக் காலத்தில் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள் இன்ஜினீயர் ஆக வேண்டுமென்றால் சாயங்காலக் கல்லூரி, இல்லாவிட்டால் ஏ.எம்.ஐ.ஈ. பகலெல்லாம் ஃபேக்டரி, ராத்திரியெல்லாம் புத்தகம். செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று வருடக்கணக்கில் எழுதி, பேரன் பிறந்த பிறகு பாஸ் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒப்பிட்டால் இந்த வழி வரப்பிரசாதம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. பத்தாவது முடித்ததும் ஏதாவது ஒரு கைத்தொழில் வந்துவிட்டால் வீட்டுக்கு ஆகும் என்று கணக்குப் போட்ட குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகம். ஆகவே இந்த ஏணியில் ஒரு படி ஆடினால், அடி படுவது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

"அப்புறம் எம்-3-ல என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"சார், மொத கிளாஸ்ல மேடம் போர்டுல எழுதினாங்க. காஸ் என் பை ஈக்வல் டு மைனஸ் ஒன் பவர் என்... எழுதிட்டு, 'இது உங்களுக்கே தெரியும்'னு சொல்லிட்டு அடுத்த லைனுக்குப் போயிட்டாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்."

"உனக்குத் தெரியாதா?"

"இல்ல சார். பக்கத்துல இருந்தவனும் டிப்ளமோதான். அவனுக்கும் தெரியாது. அவனும் ஆட்டினான்."

அந்த செமஸ்டர் முழுக்க இப்படியே தலையாட்டியிருக்கிறார்கள். வகுப்பில் இவர்கள் ஆறு பேர். முதல் வருடத்திலிருந்து வந்தவர்கள் ஐம்பதுக்கு மேல். அந்த ஐம்பது பேரும் எம்-1, எம்-2 படித்துவிட்டு வந்தவர்கள். அதற்கு முன்னால் ப்ளஸ் டூவில் ரெண்டு வருடக் கணக்கு. மேடம் அவர்களைப் பார்த்து 'உங்களுக்கே தெரியும்' என்றால் அது நியாயம்தான்.

நம் பையனுக்கோ, அவன் படித்த டிப்ளமோ திட்டத்தில், கணக்குப் பாடம் முதல் வருடத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ரெண்டு வருடம் லேத், வெல்டிங், மெஷின் டிராயிங், தெர்மல், ஹைட்ராலிக்ஸ். இன்டக்ரேஷனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது ஷேவிங் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தால், இன்டக்ரேஷனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போலத்தான் இது. ஏறலாம் என்று அனுமதி இருக்கிறது, டிக்கெட்டும் கையில் இருக்கிறது. ஆனால் பஸ் நிற்காது. பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே என்று யாரும் சொல்வதில்லை. வகுப்பில் மற்ற பையன்கள் வைத்த பெயர் வேறு: "லேட்டா வந்தா லேட்டரல்."

* * *

இந்த இடத்தில் ஒரு நிமிஷம். இவர்கள் மக்குப் பிள்ளைகள் என்று யாராவது முடிவு கட்டிவிடப் போகிறீர்கள். அதே செமஸ்டரில் மெஷின் டிராயிங் லேபில் நடந்ததையும் பையன் சொன்னான். மற்றவர்கள் படத்தைக் குறுக்கே வைத்தும் நெடுக்கே வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தானாம். லேத் முன்னால் நின்றால் இவனைச் சுற்றி ஒரு கூட்டம். "மச்சி, இந்த டூலை எப்படிடா செட் பண்றது?" ப்ளஸ் டூவில் 'சென்டம்' வாங்கிய பையன்கள் கேட்கிறார்கள்!

ஆக, தெரிந்ததை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்தது போல நடிக்க வேண்டும். ஒரே வாரத்தில் ரெண்டும் நடக்கிறது. ஒரு பக்கம் வெட்டி நேரம், மறு பக்கம் நேரமே இல்லை. பாடத்திட்டம் பொருந்தவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை சரி, வாத்தியார் சரி, பாலிடெக்னிக் சரி, கல்லூரி சரி. எல்லாம் சரியாக இருந்தும் பையன் சாப்பிடவில்லை.

என் முழங்காலைப் பரிசோதித்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து இதையேதான் சொன்னார். "மேல் எலும்பு நல்லா இருக்கு. கீழ் எலும்பும் நல்லா இருக்கு. நடுவுலதான் பிரச்னை." ஃபீஸ் ஐநூறு.

வேடிக்கை என்னவென்றால், ஒரு கல்லூரிப் பாடத்தையும் அடுத்த கல்லூரிப் பாடத்தையும் பொருத்துகிற வேலைக்கு அமெரிக்காவில் 'ஆர்ட்டிகுலேஷன்' என்று பெயர். வைத்தியர்களின் பாஷையில் அதற்கு அர்த்தம் மூட்டு!

* * *

அமெரிக்காவுக்கு எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். இந்த வியாதி அவர்களுக்கும் உண்டு, நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் மருந்துச் சீட்டும் அவர்களிடம் கொஞ்சம் இருக்கிறது.

1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், ஸ்டான்லி பிரவுன், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார். ஊரை விட்டுப் போக வசதியில்லாத பிள்ளைகள் கல்லூரிப் படிப்பின் முதல் ரெண்டு வருடத்தைச் சொந்த ஊரிலேயே படிக்கட்டும், அப்புறம் பல்கலைக்கழகம் போகட்டும். சேர்ந்தவர்கள் ஆறு பேர். (நம் பையன் வகுப்பிலும் ஆறு பேர்தான், கவனித்தீர்களா!) அந்த ஆறு பேரில் ஆரம்பித்தது இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் என்று வளர்ந்து நிற்கிறது. பீஸ் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ரெண்டு வருடம் முடித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது வருடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

அங்கேயும் ஏறியவர்கள் தடுமாறினார்கள். அங்கே நன்றாக மார்க் வாங்கியவன் இங்கே முதல் செமஸ்டரில் தொப்பென்று விழுகிறான். ஜான் ஹில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1965-ல் இதைப் பற்றி எழுதும்போது 'ட்ரான்ஸ்ஃபர் ஷாக்' என்று பெயரிட்டார். தமிழில் 'இடமாற்ற அதிர்ச்சி' என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கவனித்த நல்ல செய்தியும் ஒன்று உண்டு. விழுந்தவர்களில் பலர் அடுத்தடுத்த செமஸ்டர்களில் எழுந்துவிடுகிறார்கள். ஆகவே மூளையில் குறை இல்லை. மூட்டில்தான்.

அவர்களுக்கு நமக்கு இல்லாத இன்னொரு தலைவலியும் இருந்தது. ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை அடுத்த கல்லூரி 'இது எங்கள் பாடம் மாதிரி இல்லையே' என்று தள்ளிவிடும். மறுபடி படி, மறுபடி பணம் கட்டு! 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் தாங்கள் சம்பாதித்த கிரெடிட்டுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. நூறு ரூபாய் மாற்றினால் கையில் ஐம்பத்தேழு!

ஃப்ளோரிடா மாநிலம் 1970-களிலேயே இதற்கு ஒரு வழி செய்தது. எந்தக் கல்லூரியில் நடத்தினாலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண். எண் ஒன்றாக இருந்தால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள். கேட்க எளிது. ஆனால் ஒரே எண் போட வேண்டுமென்றால் ரெண்டு கல்லூரி வாத்தியார்களும் எதிரெதிரே உட்கார்ந்து, 'நீ எதுவரை நடத்துகிறாய், நான் எதிலிருந்து ஆரம்பிக்கிறேன்' என்று பேசியாக வேண்டும். மருந்து எண்ணில் இல்லை, அந்தப் பேச்சில் இருக்கிறது.

கலிஃபோர்னியா கொஞ்சம் நிதானம். 2010-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சமுதாயக் கல்லூரியில் வகுத்துக் கொடுத்த 60 யூனிட் படித்து முடித்தால், மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, மீதி 60 யூனிட்டில் பட்டம். முன்னால் படித்ததையே திரும்பப் படிக்கச் சொல்லக் கூடாது. எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே பாட எண் என்ற சட்டம் அங்கே 2021-ல்தான் வந்தது. சிலிக்கான் சிப்பைக் கண்டுபிடித்த தேசத்துக்கே ஃப்ளோரிடாவிலிருந்து கலிஃபோர்னியா வரை வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கல்விக் குழுக்களின் வேகம் உலகமெல்லாம் ஒன்றுதான்!

* * *

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். டிப்ளமோ பாடத்திட்டத்தைத் தயாரிப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பி.ஈ. பாடத்திட்டத்தைத் தயாரிப்பது அண்ணா பல்கலைக்கழகம். (தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்குத் தாங்களே.) ரெண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். இயக்ககம், சென்னை கிண்டி, சர்தார் பட்டேல் ரோடு, பின்கோடு 600025. பல்கலைக்கழகம், சென்னை கிண்டி, சர்தார் பட்டேல் ரோடு, பின்கோடு 600025.

எழுத்துப் பிழை இல்லை. ரெண்டும் ஒரே ரோடு, ஒரே பின்கோடு!

எனக்குத் தெரிந்த ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சார் பேசறீங்க? பாலிடெக்னிக் என்ன, பி.ஈ.க்கு எல்.கே.ஜி.யா? டிப்ளமோவோட நோக்கமே பையன் நேரா ஃபேக்டரிக்குள்ள போய் மெஷினைக் கையில பிடிக்கணும். எங்க பசங்கள்ல நிறைய பேர் வேலைக்குத்தான் போறாங்க. அவனுக்கு எதுக்கு சார் ஃபூரியர்?"

நியாயமான கேள்வி. எல்லா டிப்ளமோ பிள்ளைகள் தலையிலும் எம்-3க்கான கணக்கை ஏற்றினால், வேலைக்குப் போகிற பையன் தேவையில்லாமல் சுமப்பான். மேலே படிக்கப் போகிறவனுக்காகப் பட்டறையைக் குறைத்தால், டிப்ளமோவுக்கு இருக்கிற ஒரே பெருமையும் போய்விடும்.

ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடமும் பேசினேன். அவர் கோபம் எதிர்த் திசையில் இருந்தது. "ஆறு பேருக்காக நான் அறுபது பேருக்கும் பழைய பாடத்தை நடத்த முடியுமா சார்? சிலபஸை எப்ப முடிக்கறது?"

அதுவும் நியாயம்.

'எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம் வைத்துவிட்டால் போச்சு' என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். 2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது என்ன நடந்தது? ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்கு வசதி, பட்டங்களுக்கு இணைச் சான்று வாங்க அலைய வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் எங்கள் சுதந்திரம் போகிறது என்று தன்னாட்சிக் கல்லூரிகளிலும் ஆசிரியர்களிடையேயும் எதிர்ப்பு கிளம்பியது. அதுவும் நல்ல காரணம்தான். எல்லா வீட்டிலும் ஒரே சாம்பார் வைக்கச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட்டுகளுக்கு ஒரு பேங்க்கே திறந்துவிட்டது. எங்கே படித்தாலும் கிரெடிட்டைப் போட்டு வைக்கலாம், வேறு கல்லூரிக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பேங்க்கில் கிரெடிட் இருப்பதால் மட்டும் காஸ் என் பை தெரிந்துவிடாது. கணக்கில் கிரெடிட்டும் தலையில் கணக்கும் வேறு வேறு. இது காமர்ஸ்காரன் வாக்கு.

* * *

நம் பையன் கதையை முடிக்கவில்லையே.

எம்-3 அரியரை அவன் அடுத்த தடவை எழுதி பாஸ் செய்துவிட்டான். எப்படி என்று கேட்டபோது ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். அட்டை கிழிந்து, செலோ டேப் ஒட்டிய நாற்பது பக்க நோட்டு. அவனுக்கு ரெண்டு வருடம் சீனியரான ஒரு பெண், அவளும் டிப்ளமோ படித்து வந்தவள், எழுதி வைத்தது. முதல் பக்கத்தில் தலைப்பு: 'எம்-3 ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.'

உள்ளே இருப்பது மொத்தம் பதினோரு சமாச்சாரம். காஸ் என் பை ஏன் ஒரு தடவை ப்ளஸ் ஒன், அடுத்த தடவை மைனஸ் ஒன். ஈவன் ஃபங்ஷன், ஆட் ஃபங்ஷன் என்றால் என்ன, அது தெரிந்தால் ஃபூரியர் சீரிஸில் பாதி வேலை எப்படிக் குறையும். இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ், அதையே ஒரே மூச்சில் போடும் பெர்னௌலி ஃபார்முலா. பார்ஷியல் ஃப்ராக்‌ஷன், அது கடைசி யூனிட்டில் இஸட் ட்ரான்ஸ்ஃபார்முக்கு வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு. ரெண்டு மாறிகள் இருந்தால் ஒன்றை அசையாமல் நிறுத்திவிட்டு மற்றதை எப்படி டிஃபரன்ஷியேட் செய்வது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கணக்கு, அடியில் விடை. விளக்கமெல்லாம் பேச்சுத் தமிழில். 'இங்க பயப்படாத, ரெண்டாவது டெர்ம் ஜீரோ ஆயிடும்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். எனக்கே படிக்க ஆசையாக இருந்தது.

"இதுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"பதினஞ்சு நாள் சார். அதுக்கப்புறம் மேடம் நடத்தறது புரிய ஆரம்பிச்சிடுச்சு."

பதினைந்து நாள்! அவ்வளவுதான் அந்த இடைவெளி. அந்தப் பதினைந்து நாள் பாடம் செமஸ்டர் ஆரம்பத்தில் கிடைத்திருந்தால் அரியர் இல்லை. அரியர் இருந்தால் சில கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வ்யூவில் உட்காரவே விடுவதில்லை. இஸ்திரிக்காரர் வீட்டில் அந்த ஆறு மாதம் சோறு இறங்காமல் போனதும், 'பேசாம வேலைக்குப் போயிருக்கலாமோ' என்று பையன் ராத்திரியெல்லாம் யோசித்ததும், ஒரு நாள் கல்லூரிக்குப் போகாமல் அப்பாவோடு கரிப் பெட்டி பிடித்து நின்றதும், இந்தப் பதினைந்து நாள் பாடத்துக்கான விலை. நோட்டு கைக்கு வந்தவன் தப்பித்தான். வராதவர்கள்?

அந்தப் பெண் எழுதியதற்குப் பெயர்தான் ஆர்ட்டிகுலேஷன். ரெண்டு குழுக்கள் சேர்ந்து செய்ய வேண்டியதை, ஹாஸ்டல் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து தனியாகச் செய்திருக்கிறாள். அவளுக்கு யாரும் டி.ஏ. கொடுக்கவில்லை.

* * *

யோசனை சொல்வதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் ஐந்து சொல்கிறேன். எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம்.

ஒன்று. எம்-3 பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில், 'இதைப் படிக்க இந்தப் பத்து விஷயம் தெரிந்திருக்க வேண்டும்' என்று அச்சடித்துவிடுங்கள். 'உங்களுக்கே தெரியும்' என்று சொல்வதற்குப் பதிலாக, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் போதும். பாலிடெக்னிக்கின் கடைசி வருட நோட்டீஸ் போர்டிலும் அதே பட்டியலை ஒட்டுங்கள்.

இரண்டு. டிப்ளமோவின் கடைசி செமஸ்டரில், மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு விருப்பப் பாடமாகக் கணக்கு. வேலைக்குப் போகிறவன் பட்டறைப் பாடத்தை எடுத்துக்கொள்ளட்டும். விரிவுரையாளரின் கோபத்துக்கு இது பதில்.

மூன்று. சேர்ந்த முதல் வாரமே ஒரு சின்னப் பரீட்சை. மார்க் ஷீட்டுக்கு இல்லை, யாருக்கு எங்கே ஓட்டை என்று பார்க்க. பிறகு பிரிட்ஜ் கோர்ஸ். கணக்கு, இயற்பியல், டிராயிங் போன்றவற்றில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்த வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பாலம் காகிதத்தில் தயார். ஆற்றின் மேல் கட்டுவதுதான் பாக்கி.

நான்கு. அதற்கு நேரம் எங்கே என்பீர்கள். பையன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தானே, அந்த நேரம்! ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த டிராயிங், பட்டறை வகுப்புகளில் அவனைச் சோதித்துப் பார்த்து, தேறினால் விட்டுவிடுங்கள். அந்த மணிகளில் கணக்கு நடத்துங்கள். பேராசிரியரின் சிலபஸ் ஓர் அங்குலம்கூடக் குறையாது.

ஐந்து. வருடத்துக்கு ஒரு நாள், டிப்ளமோ படித்து வந்த பிள்ளைகள் மூன்றாவது செமஸ்டரில் என்ன மார்க் வாங்கினார்கள் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு ரெண்டு பக்கத்து ஆசிரியர்களும் சேர்ந்து உட்காருங்கள். பெயர் வேண்டாம், பாடமும் மார்க்கும் போதும். எந்த இடத்தில் எல்லாரும் வழுக்குகிறார்கள் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தான் அனுப்பிய பிள்ளை அங்கே போய் என்ன ஆனான் என்பது பாலிடெக்னிக் வாத்தியாருக்குத் தெரிந்தால்தானே அடுத்த வருடம் அவர் கொஞ்சம் மாற்றி நடத்த முடியும்?

இதெல்லாம் நடக்கிறவரைக்கும், இந்த வருடம் பிள்ளையை லேட்டரல் என்ட்ரியில் சேர்த்திருக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ முதல் செமஸ்டரில் சறுக்கினால் 'நீ இதுக்கு லாயக்கில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சறுக்கல் வழியில் இருக்கிற பள்ளம். 1965-லேயே பெயர் வைத்த பள்ளம். அதே வழியில் முன்னால் போன சீனியர் யாராவது இருப்பார். அவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவரிடம் செலோ டேப் ஒட்டிய ஒரு நோட்டு இருந்தாலும் இருக்கும்.

மற்றபடி, சர்தார் பட்டேல் ரோட்டில் இருக்கும் ரெண்டு ஆபீஸ் பெரியவர்களுக்கும் இந்தப் பக்கத்தைத் தபாலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். ரெண்டு கவர் வாங்க வேண்டும். ஒன்று போதும் என்கிறாள் என் மனைவி. "ஒருத்தர் படிச்சிட்டு, அடுத்தவர்கிட்ட நடந்து போய்க் குடுக்கட்டுமே. வழியில ஒரு டீயும் குடிக்கலாம்!"